என் கட்டைவிரல் செய்த வேலைநிறுத்தம்

அரிசிச் சீட்டைப் புதுப்பிக்கப் பீடோங் பட்டணத்துக்குப் போக வேண்டும். அன்றைக்கு எனக்கிருந்த வேலை அவ்வளவுதான்.

அதற்கு முன் நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் பதிவு செய்துவிடுகிறேன். மனு எழுதிப் பழகிய கை. வரிசை பிசகினால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

முதலாவது, ஜப்பான் படை வருகிறது என்றதும் எங்கள் ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், நாயை மட்டும் காரில் ஏற்றிக்கொண்டு தெற்கே ஓடினான்.

இரண்டாவது, அவன் நாற்காலியில் ஜப்பான்காரன் வந்து உட்கார்ந்தான். நாமெல்லாம் அண்ணன் தம்பி என்றான். பிறகு தம்பிகளின் அரிசியைப் பாதியாக்கினான்.

மூன்றாவது, கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர் மரம் நிற்கும் ஊரில் எனக்கு ஒரு சைக்கிள் டயர் கிடைக்கவில்லை. சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி ஓட்டினேன்.

நான்காவது, அந்தக் கயிறு தோட்டத்து ஆபீசுக்கு நேர் எதிரே அவிழ்ந்தது. கையை ஊன்றி விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிந்தது.

ஐந்தாவது, ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சன்னலில் நின்று அதைப் பார்த்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன்.

ஆறாவதுதான் விஷயம்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் மூங்கில் பட்டை வைத்துக் கட்டினார். எலும்பு கூடியது. கட்டை அவிழ்த்த மறுவாரம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். மணிக்கட்டில் 'டக்' என்று ஏதோ விட்டது. வலியே இல்லை. கட்டைவிரல் மட்டும் தலையைத் தொங்கப் போட்டுவிட்டது.

டிரஸ்ஸர் புரட்டிப் பார்த்தார்.

“எலும்பு நல்லாத்தான் கூடியிருக்கு அண்ணே. முறிஞ்ச இடம் சொரசொரன்னு இருக்கு. கட்டைவிரலத் தூக்குற நரம்பு அதுமேல ஒரசி ஒரசி அறுந்துபோச்சு.”

தைத்துவிடேன் என்றேன். தைக்கத் தெரிந்த வெள்ளைக்கார டாக்டர் ஜப்பான்காரனின் கம்பி வேலிக்குள் இருக்கிறார், தைக்கிற நூல் கப்பலோடு போய்விட்டது என்றார்.

நான் தூண்டாமல் நடந்த வேலைநிறுத்தம் என் வாழ்நாளில் இது ஒன்றுதான். மடங்கச் சொன்னால் மடங்கும்; நிமிரச் சொன்னால் நிமிராது. 'நிமிர்ந்து நில்' என்று இருபது வருடம் தொண்டை கிழியக் கத்தியவனுக்கு இப்படி ஒரு விரல்.

விரலால் என்ன கெட்டது என்று கேட்பீர்கள். எங்கள் தோட்டத்தில் கைநாட்டை ஒழித்தவன் நான். அந்தக் காலத்தில் கிராணி காகிதத்தை நீட்டுவார். எங்கள் ஆட்கள் எதற்கென்று தெரியாமலே பெருவிரலை மையில் தோய்ப்பார்கள். நான் அவர்களைக் கையெழுத்துப் பழக வைத்தேன். பழக முடியாதவர்களுக்காக ஒரு விதியையும் போராடி வாங்கினேன்: கைநாட்டு வைக்கிறவரின் முழுப் பெயரை, கையெழுத்துத் தெரிந்த இரண்டு சாட்சிகளுக்கு முன்னால் உரக்க வாசிக்க வேண்டும். அதற்காக மூன்று நாள் ரப்பர் பால்வாளியைத் தொடாமல் உட்கார்ந்தோம்.

என் கையெழுத்து தோட்டத்தில் பிரசித்தம். 'செங்கதிரோன்' என்று எழுதி, அடியில் ஒரு வாலை இழுப்பேன். பெற்றவர்கள் வைத்த பெயரை எப்போதோ உதறிவிட்டேன். அது ஆபீஸ் பேரேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

வீட்டில் மனைவி பிள்ளை பெற்றுப் பன்னிரண்டாவது நாள். மரவள்ளிக் கிழங்கைத் தின்று பால் வற்றிக்கொண்டிருந்தது. கஞ்சிக்கு அரிசி வேண்டும்; அரிசிக்குச் சீட்டில் என் கையெழுத்து வேண்டும்.

“கையால போடுவீங்களோ காலால போடுவீங்களோ, அரிசி வரணும்லா,” என்றாள்.

பீடோங் போகும் வழியில், பாலத்தில் ஜப்பான் சிப்பாய் நின்றான். குனிந்தேன். கையை விரித்துக் காட்டச் சொன்னான். நான்கு விரல் விரிந்தது. ஐந்தாவது உள்ளேயே சாய்ந்து கிடந்தது. எதையோ ஒளிக்கிறேன் என்று ஓர் அறை. இடது கையால் விரலைத் தூக்கிக் காட்டினேன். விட்டதும் விழுந்தது. அவன் முகம் மலர்ந்தது. இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டினான். இரண்டு பேரும் மாறி மாறித் தூக்கி விட்டார்கள். என் அரசியல் வாழ்க்கையில் ஒரு கூட்டம் இவ்வளவு கவனமாக என்னைப் பார்த்ததில்லை.

பீடோங்கில் சீட்டு மேசையில் யார்? எங்கள் கிராணியேதான். சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கெல்லாம் அவரை உட்கார வைத்திருந்தார்கள். பின்னால் நீண்ட வரிசை. பாதிப் பேர் எங்கள் தோட்டத்து ஆட்கள்.

“கையெழுத்துப் போடுங்க. பழைய சீட்டுல உள்ள மாதிரியே இருக்கணும்.”

விரலைத் தூக்கி, பேனாவை அடியில் செருகி, விரலை இறக்கினேன். 'செ' வரைக்கும் வந்தது. எழுத்தைத் திருப்ப விரலைத் தளர்த்த வேண்டும். தளர்ந்தால் திரும்ப எழாது. பேனா உருண்டது. மறுபடி செருகினேன். மூன்றாவது தடவை வால் மட்டும் வந்தது, பெயர் வரவில்லை.

கிராணி பழைய சீட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ரொம்ப மரியாதையாகப் பார்த்தார்.

“இது சேராது. கையெழுத்து வராதவங்களுக்கு வேற வழி இருக்கு. நீங்க வாங்கிக் கொடுத்ததுதானே.”

மைப்பெட்டியைத் தள்ளினார். என் மானத்தை ஒரு தட்டிலும் பிள்ளையின் பாலை இன்னொரு தட்டிலும் வைத்துப் பார்த்தேன். வெகுநேரம் ஆகவில்லை. ஆண்களுக்கு இடது கைப் பெருவிரல்தான் வழக்கம். அது நன்றாக வேலை செய்தது, கருங்காலி.

சாட்சிக்கு ஆள் கேட்டார். டிரஸ்ஸர் வந்தார். பால்வெட்டும் வீரம்மாக்காவும் வந்தார். அவருக்குக் கையெழுத்துச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். 'எழுத்தா இது, கம்பளிப்பூச்சியா' என்று அன்று எல்லார் முன்னாலும் கேட்டிருந்தேன். அக்கா பேனாவை வாங்கி, நிதானமாக, ஒரு பூச்சிகூட இல்லாமல் தன் பெயரை எழுதினார். அடியில் ஒரு வாலையும் இழுத்தார்.

கிராணி எழுந்து நின்றார். கண்ணாடியைத் துடைத்தார். எங்கள் தோட்டத்துப் பேரேட்டைப் பிரித்தார்.

“பக்கிரி மகன் பிச்சைக்கண்ணு. எழுதத் தெரியாதவர். சாட்சிகளுக்குக் கேட்டுச்சா?”

டிரஸ்ஸர் தலையாட்டினார். வீரம்மாக்கா வரிசையின் கடைசி வரை திரும்பிப் பார்த்தார்.

“பின்னால உள்ளவங்களுக்குக் கேக்கல கிராணியய்யா. விதின்னா விதிதான், இன்னொரு தடவ வாசிங்க.”

வாசித்தார்.