வரத்தான்விரட்டி அண்ணாச்சி

வெளியூரிலிருந்து வந்தவனைக் கண்டாலே விரட்டுகிற வரத்தான்விரட்டி என்றொரு இனம் உண்டு, பார்த்திருக்கிறீர்களா? பார்க்காமல் எங்கே போவீர்கள்! விடிந்ததும் ஆற்றுக்குப் போனால், உங்களுக்கு முன்னால் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, வேப்பங்குச்சியைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, ஊர் கெட்டுப்போன கதையை ஊருக்கே சொல்லிக்கொண்டிருப்பவர் அவர்தான்.

எங்கள் தாமிரபரணிக் கரைக்கு வாய்த்தவர் காசிலிங்கம் அண்ணாச்சி. வரி கட்டுகிறவருக்கே வோட்டு என்ற காலம்; அண்ணாச்சி வரி கட்டுகிறவர், அதனால் முனிசிபல் எலெக்‌ஷனில் வோட்டும் உண்டு. காலையில் ஆற்றில் முங்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பிசான நெல் பொய்த்ததா, மகன் மெட்ரிக்குலேஷனில் மறுபடியும் கோட்டை விட்டானா, மாட்டுக்குக் கழிச்சலா, வீட்டுக் குழம்பில் உப்புக் கூடியதா, எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான்.

"வந்தான் வரத்தானெல்லாம் ஊருக்குள்ள வந்துட்டான்லா! பொறவு எப்படி வே வெளங்கும்?"

எலெக்‌ஷன் வந்தது; இவர் யாருக்கு வோட்டுப் போடுவார்? ரோடு போடுகிறேன், தெருவிளக்குப் போடுகிறேன் என்று வந்தவர்களெல்லாம் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்கள். நெல் வியாபாரி சங்கிலிபூதத்தான் வந்தார். ஒன்றும் தருவதாகச் சொல்லவில்லை. அண்ணாச்சியின் கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"நீரு இந்த ஊருக்கே ஆதி ஆளு! உம்மளையா வே படித்துறையில வரத்தான் இடிக்கான்?"

போச்சு! அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. அவரை ஆதி ஆள் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. சம்சாரம் தங்கத்தாய் சொல்லும் பெயர்களே வேறு.

சங்கிலிபூதத்தான் ஜெயித்தார். இந்த ஊரில் பிறந்தவன்தான் படித்துறையில் இறங்கலாம் என்று தீர்மானம் போட்டுத் தமுக்கும் அடித்தாயிற்று. மறுநாள் அண்ணாச்சி துண்டும் தோளுமாக ஓட்டமாய் ஓடினார். குளிக்கவா? வரத்தான் என்று அவர் கணக்குப் போட்டு வைத்திருந்த நெசவுக்கார முகம்மது மைதீனை விரட்டுவதைக் கண்குளிரப் பார்க்க!

படித்துறைக் காவலுக்கு நின்ற முப்பிடாதி கையை நீட்டி மறித்தான்.

"அண்ணாச்சி, நீங்க எங்க பொறந்திய?"

"என்னலே கேள்வி! எங்க அப்பன், பாட்டன், பூட்டன்..."

"அவுக இல்ல. நீங்க?"

அடப்பாவமே, அண்ணாச்சி தலைப்பிள்ளை! தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? அம்மை பிறந்த அம்பாசமுத்திரத்தில் அல்லவா ஐயா அவர் 'குவா' என்றது!

திரும்பிப் பார்த்தால், ஊரிலுள்ள மூத்த பிள்ளைகள் அத்தனை பேரும் காய்ந்த துண்டோடு கரையில் நிற்கிறார்கள். நடுவே, வள்ளியூரில் பிறந்த சங்கிலிபூதத்தான்! முகம்மது மைதீனோ அவர் அம்மாவுக்குக் கடைக்குட்டி; கடைக்குட்டிக்குத் தாய்வீட்டுப் பிரசவம் ஏது? "நான் இங்கனதான் வே பொறந்தேன்" என்று சொல்லிவிட்டுப் பைய இறங்கி, ஆனந்தமாய் ஒரு முங்கு முங்கினார்.

அண்ணாச்சி திருந்தினார் என்றா நினைக்கிறீர்கள்? நல்ல ஆள் நீங்கள்! அடுத்த எலெக்‌ஷனில் சங்கிலிபூதத்தான் மறுபடி வந்து அதே கையைப் பிடித்தார்.

"ஆத்தை நம்மகிட்டேருந்து பிடுங்கினது யாரு வே? இந்த ரெண்டாம் பிள்ளைங்க!"

"அப்படிச் சொல்லும்!" என்று துள்ளி எழுந்த அண்ணாச்சி, முதல் ஆளாய்ப் போய் அவருக்கே வோட்டைப் போட்டார். இப்போது வீட்டுக் கிணற்றடியில் வாளித் தண்ணீர்தான் குளியல். கூடப்பிறந்த தம்பியோடு பேச்சுவார்த்தை கிடையாது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். உங்கள் தெருவிலும் யாரோ ஒருவர் வந்து உங்கள் கையைப் பிடித்து ஆதி ஆளே என்பார்; உங்களுக்கும் கண் கலங்கும். துண்டைத் தோளில் போடுமுன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், உங்களை எங்கே பெற்றாள் என்று.