சாக்லேட் உருண்டையும் என் மூத்த மகனும்

முப்பது வயது ஆணுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தால் எங்கள் ஊர் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. வெற்றிலை, பீடி, சீட்டுக்கட்டு என்று ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரு பட்டியல் உண்டு. அதில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு கௌரவமாகக் கெட்டுப்போகலாம். நான் பட்டியலுக்கு வெளியே போய்விட்டேன். குழந்தைகள் காலையில் பாலில் போட்டுத் தின்பதற்காக அட்டை டப்பாவில் விற்கிற சாக்லேட் உருண்டைகள் இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

தொண்ணூறுகளின் பின்பாதி. பாளையங்கோட்டையில் அம்மாவும் நானும் மட்டும். பொதுப்பணித் துறையில் எனக்கு உதவிப் பொறியாளர் வேலை. தாமிரபரணிக் கால்வாய்களில் மதகு ஒழுங்காக ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். வடக்கிலிருந்து மாற்றலாகி வந்த மேலதிகாரியின் வீட்டுக்கு ஒரு காலை கையெழுத்து வாங்கப் போனபோது, அவர் மனைவி தன் பிள்ளைகளுக்குக் கொடுத்ததையே எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார். உருண்டைகள் தீர்ந்ததும் கிண்ணத்தில் பழுப்பாகக் கொஞ்சம் பால் மிஞ்சியிருந்தது. அதைக் குடித்தேன். அதற்குப் பிறகு அம்மா சுட்ட தோசையை என்னால் பழைய மரியாதையோடு பார்க்க முடியவில்லை.

முருகன்குறிச்சியில் ஒரே ஒரு கடையில் அது கிடைத்தது. முதல் டப்பாவை எடுத்ததுமே கடை அண்ணாச்சி கேட்டார்.

"பிள்ளைக்கா சார்?"

ஆமாம் என்றேன். (வேறென்ன சொல்வது? கல்யாணமாகாத அரசு ஊழியனுக்கு என்றா?)

"என்ன வயசு?"

"ஆறு."

இப்படியாக எனக்கு ஒரு மகன் பிறந்தான். அடுத்தடுத்த டப்பாக்களில் அவனுக்குக் கண்ணன் என்று பெயர் வந்தது, வகுப்பில் முதலாவதாக வந்தான். ஒரு வாரம் இரண்டு டப்பா வாங்க வேண்டியிருந்ததால், அம்மை போட்டுக் கிடக்கிறான், வேறெதுவும் இறங்கவில்லை என்றேன். வீட்டம்மா கடைப்பக்கம் வருவதே இல்லையே என்று அண்ணாச்சி கேட்டதற்கு, அவள் கோபித்துக்கொண்டு பிள்ளையோடு ராதாபுரத்தில் தாய்வீட்டில் இருக்கிறாள், வாராவாரம் பஸ்ஸில் போய் டப்பாவைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். ராதாபுரத்தில் எனக்கு ஒருவரையும் தெரியாது. அதனால்தான் அந்த ஊர். அண்ணாச்சி கண் கலங்கி, டப்பாவோடு நாலு மிட்டாய் சேர்த்துப் போட்டார். அதையும் ராத்திரி அம்மா தூங்கியபிறகு நானே தின்றேன்.

ஒரு வருஷம் போனது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கம்பெனி ஒரு போட்டி வைத்தது. 'எனக்கு இது ஏன் பிடிக்கும்' என்று நாலு வரி எழுத வேண்டும். "பையனை எழுதச் சொல்லுங்க சார், அட்ரஸ் மட்டும் உங்களதப் போடுங்க," என்று அண்ணாச்சி தாளைக் கொடுத்தார். என் கண் இரண்டாம் பரிசின்மேல் இருந்தது. ஒரு வருஷத்துக்கு டப்பா இலவசம். இடதுகையால் எழுதி அனுப்பினேன். தகப்பனார் பெயர் என்ற இடத்தில் என் பெயர், உத்தியோகத்தோடு.

எழுத்து வன்மை எல்லை மீறிவிட்டது. முதல் பரிசே விழுந்தது.

அது வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு சப்-ரிஜிஸ்டிராரும் அவர் மனைவியும் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருந்தார்கள். அவர்கள் மகளின் போட்டோவை நான் மூன்று வாரமாகச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அம்மா கேசரி கிண்டியிருந்தாள்.

"தம்பிக்கு வேற பழக்கவழக்கம் எதுவும்..." என்று சப்-ரிஜிஸ்டிரார் இழுத்தார்.

"காப்பியே ஒரு வேளைதான்," என்றாள் அம்மா.

அப்போது வாசலில் ஆட்டோ நின்றது. பலூன் கட்டிய சிவப்புச் சின்னச் சைக்கிள் ஒன்று இறங்கியது. பின்னால் கழுத்துப்பட்டையும் கேமராவுமாகக் கம்பெனிக்காரர். அவருக்கு வழிகாட்டிக்கொண்டு கடை அண்ணாச்சி.

"சார், நம்ம கண்ணன் ஜெயிச்சுட்டாம்லா," என்றார் அண்ணாச்சி.

"கண்ணன் யாரு?" என்று கேட்டார் சப்-ரிஜிஸ்டிரார்.

அண்ணாச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ராதாபுரத்துல இருந்து வந்திருக்கியளா? மதினியோட அப்பாதான? ரொம்ப நல்லது. ஏழு வயசுப் பிள்ளைய வச்சிக்கிட்டு புருசன் பெண்டாட்டி இப்படிப் பிரிஞ்சு கெடக்கலாமா? சார் வாராவாரம் டப்பாவத் தூக்கிக்கிட்டு ஓடுதாரு. பாக்கவே சங்கடமா இருக்கு. நீங்கதான் பேசிச் சேத்து வைக்கணும்."

சப்-ரிஜிஸ்டிரார் மனைவி கேசரித் தட்டைக் கீழே வைத்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்து மெல்லக் கேட்டாள்.

"ஏலே, பிள்ளை யாரு சாயலு?"

எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. பொறியாளருக்கு ராதாபுரத்தில் ஒரு ரகசியக் குடும்பம் இருக்கலாம். அவர் குழந்தைத் தீனி தின்று ஒரு வருஷம் வாழ்ந்தார் என்பதை எப்படி நம்புவது? "தம்பி, ரெண்டாவது பொய்ய இன்னும் நல்லாச் சோடிச்சிருக்கணும்," என்றார் சப்-ரிஜிஸ்டிரார். உள்ளே ஓடி டிரங்குப் பெட்டியைத் தூக்கி வந்து திறந்தேன். இன்னும் வெளியே கொண்டுபோய்ப் போடாத ஐந்து காலி டப்பா, ஒரு முழு டப்பா, டப்பாவுக்குள் இலவசமாக வந்த பதினோரு பிளாஸ்டிக் மிருகங்கள்.

"பிள்ளைக்குன்னு சேத்துவச்சிருக்கான்," என்று அம்மா அழ ஆரம்பித்தாள்.

சப்-ரிஜிஸ்டிரார் முழு டப்பாவைக் கையில் எடுத்தார். "கொஞ்சம் பால் கொண்டாங்கம்மா," என்றார். "தம்பி, உக்காந்து சாப்பிடுங்க. பாப்பம்."

ஐந்து பேர் சுற்றி நின்று பார்க்கச் சாப்பிட்டேன். முதல் இரண்டு கரண்டி தொண்டையில் நின்றது. மூன்றாவதில் அவர்கள் இருப்பதே மறந்துவிட்டது. கிண்ணத்தைத் தூக்கிப் பழுப்புப் பாலைக் குடித்து, விளிம்பை விரலால் வழித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அறை நினைவுக்கு வந்தது.

"இருவத்தெட்டு வருசமாப் பத்திர ஆபீசுல உக்காந்து பொய் சொல்லுத மூஞ்சியெல்லாம் பாத்திருக்கேன்," என்றார் சப்-ரிஜிஸ்டிரார். "இது நடிப்பில்ல. பிள்ளையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. தின்னது இவருதான்."

"அப்போ இது பரவால்லையாக்கும்?" என்றார் அவர் மனைவி.

கம்பெனிக்காரர் விதிமுறைத் தாளை எடுத்து, வயது வரம்பை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, சைக்கிளை மறுபடி ஆட்டோவில் ஏற்றினார். அண்ணாச்சி மட்டும் நகரவில்லை.

"அப்போ அம்மை போட்டது?"

"போடல அண்ணாச்சி."

"நான் அம்மனுக்கு நேந்து, மாவிளக்கும் எடுத்துட்டேனே சார்."

அன்று நான் உண்மையிலேயே கூனிப்போன இடம் அதுதான். அவர் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கினார். அந்தக் கடைப்பக்கம் போக எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

அம்பாசமுத்திரத்திலிருந்து பன்னிரண்டு நாள் தகவல் இல்லை. போட்டோவைத் திருப்பி அனுப்ப உறையில் போட்டுவைத்திருந்தேன். பதின்மூன்றாம் நாள், பெண்ணுக்குச் சம்மதம் என்று கடிதம் வந்தது. ஏன் சம்மதித்தாய் என்று கல்யாணத்துக்குப் பிறகு அவளிடம் கேட்டேன். "அன்னைக்கு வீட்டுக்கு வந்து அப்பா இதச் சொல்லிக்கிட்டே அவங்களே சிரிச்சிட்டாங்க. அப்பா சிரிச்சு நான் அதுவரைக்கும் பாத்ததில்ல," என்றாள்.

எங்களுக்கு மகள் பிறந்தபோது மாமனார் ஆஸ்பத்திரி நர்ஸிடம், இது மாப்பிள்ளைக்கு ரெண்டாவது என்றார். இப்போதும் எந்த விசேஷத்திலும் என்னைக் கண்டதும், "மூத்தவன் வரலியா மாப்பிள்ளை?" என்றுதான் ஆரம்பிப்பார். லீவு கிடைக்கவில்லை மாமா என்பேன். சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள்.

அம்மா சிரிப்பதில்லை. ராதாபுரம் பக்கத்திலிருந்து யார் வீட்டுக்கு வந்தாலும் காப்பி கொடுத்து உட்காரவைத்து, நான் உள்ளே போனதும் குரலைத் தணித்துக் கேட்பாள்.

"அங்கன கண்ணன்னு ஒரு பையன் இருக்கானா?"