வாட்ச்மேன் ஏன் மேலே பார்த்தார்?

சினிமா பார்த்துவிட்டுச் சும்மா வீட்டுக்கு வரத் தெரியாத ஜென்மம் நான். ஹீரோவை விட்டுவிட்டு, ஓரமாகத் தட்டு தூக்கிக்கொண்டு போகிறவர் ஏன் இடது பக்கம் திரும்பினார் என்று ரெண்டு நாள் யோசிப்பேன். யோசித்ததை நாலு பேரிடம் சொல்லாவிட்டால் சோறு இறங்காது.

தொண்ணூறுகளின் நடுவில், மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது முறையாகப் பெண் பார்க்க வந்தார்கள். முதல் இரண்டு வரனும் என் வாயால் போனவை. இந்த அடையாறு மாப்பிள்ளையோ, கல்யாணத்துக்கு அப்புறமும் நான் டீச்சர் வேலைக்குப் போகலாம் என்று அவராகவே சொல்லி அனுப்பியிருந்தார். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். இது அமையணுமே என்று பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தோப்புக்கரணம் வேண்டிக்கொண்டேன்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுடி. அதுவும் ஒரே வரில," என்று அம்மா சமையலறையில் கெஞ்சினாள்.

பஜ்ஜித் தட்டை வைத்து, நமஸ்காரம் பண்ணி உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் அம்மா ஆசையாகக் கேட்டார்: "இப்போ ஒரு கொலைப் படம் ஓடிண்டிருக்கே, பார்த்தியோம்மா?"

பார்த்தேனாவா! இரண்டு தடவை.

"பார்த்தேன் மாமி," என்றேன். (இங்கே நிறுத்தியிருக்கலாம்.) "ஆனா எல்லாரும் கொலைகாரனைப் பத்தியே பேசறா. அந்த ஃபிளாட் வாட்ச்மேனை யாருமே கவனிக்கலை."

மாப்பிள்ளையின் அப்பா சட்டென்று நிமிர்ந்தார். "வாட்ச்மேனா? அவனுக்கென்ன?"

கேட்டுவிட்டாரே, பதில் சொல்ல வேண்டாமா? "கொலைகாரன் கேட்டைத் தாண்டறப்போ அவன் மட்டும் மேலே பார்க்கறான் மாமா. அவனும் உடந்தை! அந்தத் திருட்டு முழி இருக்கே, பொறவியிலேயே ஃபிராடா இருந்தாத்தான் அப்படி வரும்." இப்படியே பத்து நிமிஷம். பட்டுப்புடவையோடு எழுந்து நின்று, முழியை உருட்டி நடித்தும் காட்டினேன். பஜ்ஜி ஆறிப்போனது. அம்மா என் புடவையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்தார். "அந்த வாட்ச்மேன் எங்கப்பா."

ஐயோ! பூமி பிளந்திருந்தால் நானே குதித்திருப்பேன். மனுஷர் பகலில் ஆபீஸ், சாயங்காலம் சபா நாடகம் என்று இருபது வருஷம் ஓட்டி, முதன்முதலாகக் கிடைத்த சினிமா வேஷம் அது. ஒட்டு மீசையும் மங்கி கேப்புமாக வந்ததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. நான் நாலு வார்த்தை பாராட்டுவேன் என்றுதான் மாமி பேச்சையே எடுத்திருக்கிறார்.

"மன்னிச்சுடுங்கோ மாமா," என்றேன். அழுகை முட்டியது. போச்சு, மூணாவதும் போச்சு.

அவர் ஆறிப்போன பஜ்ஜி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டார். "மரத்துல காக்கா உட்கார்ந்திண்டிருந்ததும்மா. வாடகை யூனிஃபார்ம். எச்சம் போட்டுடப் போறதேன்னு பார்த்தேன்." பிறகு மாமியிடம் திரும்பினார். "கேட்டியோ? நாலு செகண்ட் வந்தேன். நம்மாத்துலயே 'நீங்க எப்போ வந்தேள்?'னு கேட்டேள். இந்தப் பொண்ணு பத்து நிமிஷம் பேசறா!" அவர் கண் கலங்கியிருந்தது. "போய்ச் சொல்லியனுப்பறோம்னெல்லாம் இழுக்க வேண்டாம். இப்பவே தாம்பூலம் மாத்திக்கலாம்."

அம்மாவுக்கு மயக்கமே வந்துவிட்டது.

இன்றும் வீட்டில் நாலு பேர் கூடினால் மாமனார் அந்தக் காட்சியை முழுசாக நடித்துக் காட்டுவார், என் வேஷத்தையும் சேர்த்து. எல்லாரும் சிரித்து முடித்ததும் என் வீட்டுக்காரர் மட்டும் மெதுவாகக் கேட்பார்: "அதெல்லாம் சரி, அன்னிக்கு நான் போட்டுண்டிருந்த சட்டை என்ன கலர்?"

நானும் இத்தனை வருஷமாக ஒவ்வொரு கலராகச் சொல்லிப் பார்க்கிறேன். இன்னும் ஒன்றும் சரியாக வரவில்லை.