தம் உடைக்கும்வரை வெறும் வயிறு

வெங்காயம் சிவக்கிற நேரம் பார்த்து ரஹீம் பாயின் வலது தோள் பிடித்துக்கொண்டது. கரண்டியோடு நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

இன்றைக்கா! மகள் ரூஹிக்கு நிக்காஹ். மாப்பிள்ளை வீடு ஆம்பூர். "மெட்ராஸ்லயும் பிரியாணின்னு ஒண்ணு பண்றாங்களாமே?" என்று நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி மதார் சாகிப் சிரித்த சிரிப்புக்காகவே, தன் மெட்ராஸ் பேட்டையான கல்மண்டபத்தின் மானத்தை அண்டாவில் ஏற்றி அடுப்பில் வைத்திருந்தார் பாய். ரூஹி வேறு காலையிலேயே மிரட்டியிருந்தாள்: "அத்தா, ஆயுசு பூரா அவுங்க கிண்டல கேக்கப்போறது நான்தான். பாத்துக்க!"

"பூமாரி, கிண்டிக்கினே இரு! தோ வந்துட்டேன்!"

வெங்காயம் உரிக்க வந்த பூமாரியிடம் கரண்டியைத் தந்துவிட்டுப் பக்கத்து மெடிக்கலுக்கு ஓடினார்.

கடைக்கார ஜெமிமா மாத்திரைகளை நீட்டினாள். "பாய், இந்த கேப்சூல் சாப்புடறதுக்கு முன்னாடி. வலி மாத்திரை சாப்ட்ட பொறவு. வெறும் வவுத்துல போட்டா வவுறு புண்ணாயிடும்."

"தம்ம ஒடைச்சு மொதோ தட்டு போவாம நான் சோத்துல கை வெச்சதில்லம்மா!"

கேப்சூல் சட்டைப் பைக்குள் போனது. வலி மாத்திரை இரண்டு வெறும் வயிற்றுக்குள் போயின.

தோள் லேசானது. பாய் புலியாகத் திரும்பினார். கறியைக் கொட்டினார், தக்காளியைக் கொட்டினார். கொதி வந்ததும் ஒரு கரண்டி குழம்பை விழுங்கிப் பார்த்தார்.

நெஞ்சு குபீரென்று எரிந்தது.

"அய்யோ, காரம்! பூமாரி, தயிர கொண்டா!"

"பாய், அந்த மிளகா..."

"மிளகா பேர எடுத்த, அவ்ளோதான்! ஏற்கெனவே பத்திக்கினு எரியுது!"

ஒரு வாளி தயிர் இறங்கியது. மறுபடி ருசி பார்த்தார். இன்னும் எரிந்தது. எரிச்சலுக்கும் கேட்கும் என்று இன்னொரு வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு தேங்காய்ப்பாலை ஊற்றினார். நெஞ்சு கொதித்தது. சர்க்கரையை அள்ளி வீசினார்.

"பாய், நான் சொல்றத கொஞ்சம்..."

"அப்பால சொல்லு! அரிசிய கொட்டு, தம் போடு!"

பந்தி களைகட்டியது. மூடி திறந்தது. முதல் தட்டு மதார் சாகிப்புக்கு. மண்டபமே அவர் வாயைப் பார்த்தது. மெல்ல மென்றார். கண்ணை மூடினார். திறந்தார்.

"மாஷா அல்லாஹ், சம்பந்தி! ஸ்வீட்டு அருமை. பிரியாணி எப்ப வரும்?"

பாய் ஆடிப்போனார். "ஸ்வீட்டா? காரத்துல என் நெஞ்சே வேவுது, ஸ்வீட்டுன்றீங்களே!"

பூமாரி ஒரு மூடிய குண்டானைக் கொண்டுவந்து அவர் முன்னால் திறந்தாள். உள்ளே, அரைத்த மிளகாய் விழுது, சிவக்கச் சிவக்க, கரண்டியே படாமல்.

"வவுத்துல மாத்திரைய போட்ட, சரி பாய். அண்டால மிளகாவ எங்க போட்ட?"