எதிர் பெஞ்சில் முறைத்துக்கொண்டிருக்கும் அத்தைக்கு

பெருமதிப்பிற்குரிய அத்தைக்கு,

நர்ஸ் மேஜையிலிருந்து மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. தனி அறையில் மாமா தேறி வருகிறார். எதிர் பெஞ்சில் நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நலமாக இருப்பதை நானே பார்க்கிறேன். பேச மாட்டேன் என்று நீங்கள் சொல்லிவிட்டதால் எழுதுகிறேன்.

மாமாவின் கால் புண்ணில் இருப்பது சாதாரண மருந்துகளுக்கு மசியாத கிருமி, அதனால்தான் அங்கியும் கையுறையும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "நாப்பது வருஷமா பிடிச்ச கை, இதுக்கு உறை வேறயா?" என்று உள்ளே போய்க் கட்டைத் தடவிக்கொடுத்தீர்கள், அதே கையோடு பொது வார்டுக்குப் போய், வயிற்றில் ஆபரேஷன் ஆன டெய்லருக்குத் தலையணையைச் சரிசெய்து, "தையல் ஒழுங்காப் போட்டிருக்காங்களா?" என்று அவர் கட்டையே தூக்கிப் பார்க்கப் போனீர்கள், அவரும் "பாருங்கம்மா, நான் போட்டதில்ல, நல்லாத்தான் இருக்கும்" என்றார். ஓடி வந்து உங்கள் மணிக்கட்டைப் பிடித்தேன். வார்டே பார்த்தது. "தூக்கி வளர்த்தவளைத் திருடி மாதிரி பிடிக்கிறியேடி!" என்றீர்கள். என்ன செய்ய அத்தை, உங்கள் அன்போடு ஒன்று டிக்கெட் எடுக்காமல் வந்துகொண்டிருந்தது.

அப்புறம் அந்த டப்பா. காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிட்டு, மிச்ச மாத்திரைகளைச் சேர்த்துவைத்து, தெருவில் யார் தும்மினாலும் ரெண்டு கொடுப்பீர்களே, அதை நீட்டி, "டாக்டர்கிட்ட சொல்லி இதுல ஒண்ணு சேர்க்கச் சொல்லேன்" என்றீர்கள். அரைகுறையாக அடிவாங்கித் தப்பிய கிருமிதான் அடுத்த முறை மருந்தைப் பார்த்துச் சிரிக்கிறது. மாமாவுக்கு இப்போது ஏறுவது கிட்டத்தட்டக் கடைசி மருந்து. நல்லவேளை, கேட்கிறது. டெய்லருக்கும் இது ஒட்டிக்கொண்டால் அவருக்கும் கேட்குமா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே, ஆயுசுக்கும் நீங்கள் பேசாவிட்டாலும் சரி, கை கழுவாமல் அந்தக் கதவு திறக்காது. வெளியே வரும்போதும் கழுவ வேண்டும். பட்டைக்கடியில் கிருமி ஒளியும் என்று, கைக்கடிகாரத்தோடு வந்த பெரிய டாக்டரையே திருப்பி அனுப்பினேன், நீங்கள் எம்மாத்திரம்!

நீங்கள் நீண்ட காலம் நன்றாக இருந்து என்னைத் திட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மடியில் வளர்ந்த பிடிவாதம்.

பி.கு.: சரியாக எழுதியிருக்கிறேனா என்று மாமாவிடம் காட்டப்போய், அவர் சிரித்து, பேனாவைப் பிடுங்கிக் கீழே ஒரு வரி சேர்த்துவிட்டார். அவர் கை பட்ட தாள் இனி அறையைவிட்டு வெளியே வரக் கூடாது. நான் போட்ட சட்டம், என் புத்தியைச் சொல்ல வேண்டும். கதவுக் கண்ணாடியில் உள்ளிருந்து பிடித்திருக்கிறேன், கிட்டே வந்து படியுங்கள். மாமாவின் எழுத்து புரியாது, நாற்பது வருஷமாக உங்களுக்கே புரிந்ததில்லை. உள்ளே வந்து அவரையே கேளுங்கள். குழாய் இடது பக்கம்.