சைலண்ட் சார் வாசித்த ரிப்போர்ட்

திருத்தணியில் சைலண்ட் சாரைவிட அதிகம் பேசிய மனிதர் பிறந்ததில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. ஆங்கில வார்த்தைகளுக்குள் சத்தம் காட்டாமல் ஒளிந்திருக்கும் எழுத்துகளைப் பிடித்துக் கொடுப்பதே பிறவிக் கடமை என்று இருந்ததால் அந்தப் பெயர். யாராவது "ரிசிப்ட்" என்று சொல்லிவிட்டால் மெஷினை நிறுத்திவிடுவார். "அந்த பி-ய வீட்ல வச்சிட்டு வா."

அவர் சட்டம் ஒன்றுதான்: உச்சரிப்பு முதலில், அர்த்தம் பிறகு. பள்ளிப்பட்டு நெசவாளி ஒருவர், மகளின் பத்திரத்தில் "ஸ்பின்ஸ்டர்" என்று இருப்பதைப் பார்த்துப் பதறிக்கொண்டு வந்தார்.

"இஸ்பின்ஸ்டர்னு போட்டுகிறாங்க. எம் பொண்ணு இஸ்பின்னிங் மில்லு பக்கமே போனதில்லயே சார்."

"முன்னாடி இருக்கிற அந்த இ எங்கருந்து வந்திச்சி? எடு அத."

எடுத்து முடிப்பதற்குள் இரண்டு பஸ் போய்விட்டது. கடைசியில்தான், கல்யாணம் ஆகாத பெண் என்று அர்த்தம் சொன்னார்.

"அது எனக்கே தெரியுமே நைனா. இதுக்கா ரெண்டு பஸ்ஸ வுட்டேன்?"

அப்படிப்பட்டவர் கடைக்குத்தான், போன ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில், என் அக்கா கிரேஸோடு போனேன். அவள் மார்பில் ஒரு கட்டி. ஊசி வைத்துச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். ரிப்போர்ட் போனில் வந்துவிட்டது. டாக்டர் மறுநாள்தான் வருவார். புரியாத வார்த்தையைப் போனிலேயே தேடலாம் என்றேன். அக்கா விடவில்லை. முந்தின வாரம் தேடியபோது கட்டி ஒன்றுக்கு நோய் பதினாறு வந்திருந்தது.

பிரிண்ட் வந்ததும் அக்கா விரல் வைத்துக் காட்டினாள். "இது இன்னா சார்? பெனிக்ன்னு போட்டுகிது."

benign என்ற அந்த வார்த்தையைப் பினைன் என்று சொல்ல வேண்டும். அங்கே ஜி-க்குச் சத்தம் கிடையாது. அப்போது எனக்கு அது தெரியாது; ஆனால் ஏதோ தப்பு என்பது அவர் புருவத்தில் தெரிந்தது. பத்து முறை சொல்லவைப்பார், நாலாவது முறையிலேயே அக்கா மயங்கி விழுந்துவிடுவாள் என்று பயந்தேன்.

அவர் வாயைத் திறந்தார். அக்கா அந்த வார்த்தைமேல் வைத்த விரலை இன்னும் எடுக்கவில்லை. அதைப் பார்த்தார்.

"யாருது ரிப்போர்ட்டு?"

"என்னுதுதான் சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து வாசித்தார். தெருவில் காவடி மேளம். பேசாத சைலண்ட் சாரை நான் பார்த்ததே இல்லை. கடைசி வரி வரை போய், மறுபடி மேலே வந்தார். பின்னால் நின்ற ஆள் ஆதார் கார்டை நீட்டினார். சார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒண்ணும் இல்லம்மா. கேன்சர் கட்டி இல்லன்னு போட்டுகிறாங்க. நாளைக்கி டாக்டராண்ட காட்டு. இன்னிக்கி சாப்ட்டு தூங்கு."

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். பிறகு ஆர்.கே.பேட்டையில் காத்துக்கொண்டிருந்த தன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். "பெனிக்னாம்ங்க. பெனிக்ன்." அவருக்கு நம்பிக்கை வரவில்லை. போனை சாரிடம் கொடுக்கச் சொன்னார்.

சார் வாங்கித் தொண்டையைக் கனைத்தார். கண்ணை ஒருமுறை இறுக்கி மூடித் திறந்தார்.

"ஆங், பெனிக்ன்தாங்க. நல்ல வார்த்தை."

அவர் வாயிலிருந்து அப்படி வந்ததை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.