ஆடி வெள்ளியில் ஒரு தும்மல்

அம்மன் மனுஷர் மேல் வந்து இறங்குவாள் என்பதை நான் முழுசாக நம்புகிறவள். நம்பாதவர்கள் என் கதையைக் கேட்டுச் சிரிக்கலாம். சிரித்து முடித்ததும் ஒரு தடவை கன்னத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் ஆரம்பம். நாலு பிள்ளை பெற்று, உத்திரமேரூர் ஏரித் தண்ணீரில் நாற்று நட்டு, நெல் மூட்டைக்குத் தோள் கொடுத்ததில் எனக்குக் கர்ப்பப்பை கீழே இறங்கிவிட்டது. ஆபரேஷனுக்கு முந்தின நாள், "தாயே, நல்லபடியாக எழுந்து வந்தால் ஆடியில் பால்குடம் எடுக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். எழுந்து வந்தேன். இறங்கினது சரியாகிவிட்டது. ஆனால் புதுசாக ஒன்று சேர்ந்துகொண்டது. இருமினால், தும்மினால், சிரித்தால்கூடச் சிறுநீர் கசிந்தது. (அதனால் சிரிப்பதைக் குறைத்தேன். எனக்குத் திடீரென்று தலைக்கனம் ஏறிவிட்டதாக ஊரில் பேச்சு.)

"சில பேருக்கு இப்படி ஆகும், மறைக்காம வந்து காட்டும்மா" என்று சொல்லித்தான் டாக்டரம்மா அனுப்பியிருந்தார். நானா போவேன்? வீட்டுக்காரரிடமே சொல்லவில்லை. முக்கியமாக என் நாத்தனார் குப்பம்மாளுக்குத் தெரியக்கூடாது. அவள் காதில் விழுந்தால் கோயில் மைக் செட்டில் சொன்ன மாதிரி.

ஆடி வெள்ளி வந்தது. விரதம், சோறு கிடையாது. அந்தக் குறை தீர நீர்மோர், பானகம், இளநீர் என்று யார் எதை நீட்டினாலும் குடித்தேன். (இந்த மூளையோடுதான் நாலு பிள்ளை வளர்த்திருக்கிறேன்.) உள்ளே துணியை மடித்து வைத்துக் கட்டிக்கொண்டு, மஞ்சள் புடவையில், தலையில் பால்குடத்தோடு கிளம்பினேன். 'தாயே, இந்தப் பால் உன் தலையில் விழுகிற வரைக்கும் என்னைத் தாங்கு. உன் வாசலில் என்னை அசிங்கப்படுத்தாதே.' வழியெல்லாம் இதுதான் என் மந்திரம்.

கோயில் வாசல் வரைக்கும் தாங்கினாள். அங்கே பூசாரி சாம்பிராணிப் புகையை என் முகத்துக்கு நேரே காட்டினார். தும்மல் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. காலைப் பின்னிக்கொண்டேன். பல்லைக் கடித்தேன். உடம்பு வெடவெடவென்று ஆடியது. அதைப் பார்த்த பம்பைக்காரர் அடியைக் கூட்டினார். (பாவி மனுஷன்!)

தும்மிவிட்டேன்.

துணியைத் தாண்டி, பாவாடையைத் தாண்டி, காய்ந்த மண்ணில் என் பாதத்தைச் சுற்றி ஈரம் பரவியது. பின்னால் நின்ற குப்பம்மாள் குனிந்து மண்ணைப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மானம் போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆத்தா வந்துட்டாடீ! இன்னா வேடிக்கை பாத்துக்கினு நிக்கிறீங்க? தண்ணி எடுத்தாங்க!"

குப்பம்மாள் குரல்தான். ஒரு கையால் என் பால்குடத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீரை முதல் சொம்பு என் இடுப்புக்குக் கீழே அவளே வீசினாள். அப்புறம் தெருவே ஊற்றியது. எது எந்தத் தண்ணீர் என்று இனி யார் சொல்ல முடியும்? ஒரு பெரியவர் என் காலில் விழுந்தார்.

"தாயே, இந்த வருசம் ஏரி ரொம்புமா?"

வாயைத் திறந்தால் அடுத்த தும்மல். கண்ணை மட்டும் சிமிட்டினேன். (ஏரி நிரம்பியது. அதற்கு நான் பொறுப்பில்லை.)

ஒரு சொட்டுச் சிந்தாமல் பால் அம்மன் தலையில் விழுந்தது. கோயிலுக்குப் பின்பக்கம் புடவையைப் பிழியும்போது அழுதுவிட்டேன்.

"குப்பம்மா, தீட்டாயிடுச்சோ?"

"இன்னா தீட்டு அண்ணி? புள்ள பெத்த ஒடம்பு. அவளுக்குத் தெரியாதா?" என்றவள், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "நானும் எத்தினி வருசமா துணி வச்சிக்கினுதான் கீறேன். ஆருகிட்ட சொல்றது?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஊர்க்கதை முழுக்கச் சொல்லுகிற வாய், தன் கதையை இத்தனை காலம் விழுங்கி வைத்திருந்திருக்கிறது! அன்றைக்கு ஆத்தா வந்தது சத்தியம். எனக்குப் பின்னால் நின்றவள் மேல் வந்திருந்தாள்.

அடுத்த வாரமே இரண்டு பேரும் செங்கல்பட்டு பஸ் ஏறி டாக்டரம்மாவைப் பார்த்தோம். மருந்தும், தசையை இறுக்கிப் பிடிக்கிற பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார். பாதிக்கு மேல் குறைந்தது. அதற்கப்புறம் வீட்டிலும் மறைக்கவில்லை.

இன்றைக்கும் நான் தும்மினால், "ஆத்தா வந்துட்டாடீ, தண்ணி எடுத்தாங்க!" என்று வீடே கத்தும். முதலில் விழுந்து விழுந்து சிரிக்கிறவள் குப்பம்மாள். சிரித்த கையோடு புழக்கடைக்கு முதலில் ஓடுகிறவளும் அவள்தான்.